பாரம் இறங்கிய இதயம்

“உங்க வீட்டுக்காரரோட இதயத்துல ரெண்டு துண்டு இன்னும் எங்க லேப்ல இருக்கு, ஆன்ட்டி.”

டாக்டர் லீனா தயங்கித்தான் சொன்னாள். லண்டனில் இதய ஆராய்ச்சி செய்பவள். விடுமுறைக்குப் பினாங்கு வந்தபோது, பர்மா ரோட்டில் அருந்ததியின் வீட்டைத் தேடிப் பிடித்திருந்தாள்.

அருந்ததி கோப்பியை நீட்டினாள். அந்த வீட்டில் இரண்டாவது கோப்பையை வெளியே எடுத்து வெகு நாளாகியிருந்தது.

“ரெண்டு துண்டா?”

“இதயத்துக்கு உதவியா நெஞ்சுல பம்ப் வச்சப்ப எடுத்தது ஒன்னு. அஞ்சு மாசம் கழிச்சு, விஸ்வலிங்கம் அங்கிள் இறந்ததும் எடுத்தது ஒன்னு.”

“என்ன வித்தியாசம்?”

“இதயம் ரொம்பச் சிரமப்பட்டா சில ஜீன்கள் ஓயாம வேலை செய்யும். முதல் துண்டுல அப்படித்தான். பம்ப் பாரத்தை வாங்கிக்கிட்டதும் அதெல்லாம் அடங்கிடுச்சு. ரெண்டாவது துண்டு கிட்டத்தட்ட நல்ல இதயம் மாதிரிதான் லா.”

“அப்புறம் ஏன் போனாரு?”

“மூளையில ரத்தம் கட்டிடுச்சு.”

“கடைசியில அந்த இதயம் கஷ்டப்படலையா?”

“இல்ல ஆன்ட்டி.”

அருந்ததி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த கேள்வி அது.

லீனா ஒரு தாளை நீட்டினாள். “அந்தத் துண்டுகள்ல மிச்சம் இருக்கறதையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கணும். குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும்.”

அருந்ததி பேனாவை எடுத்தாள். சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“மன்னிச்சிரும்மா. நீங்க வீட்டுக்காரர்னு சொன்னப்பவே மறுத்திருக்கணும். மனசு வரல. நான் அவருக்கு யாருமே இல்ல. இருபத்தோரு வருசம் ஒரே ஆபிஸ், பக்கத்துப் பக்கத்து மேசை. அவரும் கல்யாணம் கட்டல, நானும் கட்டல. ரெண்டு பேருமே வாயைத் திறந்து ஒன்னும் சொன்னதில்ல. வைத்தியத்துக்கு லண்டன் போனாரு. இறந்தது பேப்பர்ல பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஈப்போவுல அவரு தங்கச்சி இருக்காங்க, அங்க கேளுங்க.”

லீனா பையிலிருந்து விஸ்வலிங்கத்தின் ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்து அருந்ததியின் முன் வைத்தாள்.

மனைவியின் பெயர் என்ற இடத்தில், அவருடைய சாய்ந்த எழுத்தில், ‘அருந்ததி’ என்று இருந்தது.