வழிமொழிய ஒருவர்

"வழிமொழியிறது ஆர்?"

தலைவர் முதல்தரம் கேட்டார். மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது.

அவள் கையைத் தூக்கவில்லை.

தூக்கியிருக்க வேண்டும். அந்தக் கட்சியில் தோழர் குலவீரசிங்கத்தின் பேச்சு எது வந்தாலும் வழிமொழிவது அவள்தான். கூட்டத்துத் தேநீரில் சீனி காணாது என்று அவர் பிரேரணை கொண்டுவந்தபோதும் வழிமொழிந்தவள். எழுதாத சட்டம் அது. அந்த நேரம் மற்றவர்கள் செருமுவார்கள், துண்டுப் பிரசுரத்தால் விசிறிக்கொள்வார்கள், கையை மட்டும் தூக்கமாட்டார்கள். அவளுடைய பந்தியில் நாம் ஏன் கரண்டி பிடிக்க வேண்டும் என்கிற மரியாதை.

இன்றைய பிரேரணை சீனி அல்ல. ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்பாளராக அவருடைய பெயர்.

சிரிக்க வேண்டாம். சின்னக் கட்சிதான். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க மண்டபம், நாயன்மார் கணக்குக்கு அறுபத்து மூன்று பேர், அதில் இருவர் ஒலிபெருக்கிக்காரர். போன தேர்தலில் இவர்களுக்கு விழுந்த வாக்கைவிட நிராகரிக்கப்பட்ட வாக்குகள் எத்தனையோ மடங்கு. அதற்கென்ன? வேட்பாளர் என்று ஒருவர் நின்றால் ஊர் ஊராகப் போகலாம். தொலைக்காட்சியில் கொஞ்ச நேரம் நியாயம் பேசலாம். எப்படியும் இரண்டு மாதம் ஓடும்.

இரண்டு மாதம்.

அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். சத்தியமாக, நாடு அல்ல.

நேற்றுக் கொடி கட்டும்போது அவர் சொல்லியிருந்தார். "கட்சி கேட்டா நிப்பன், தோழர். இல்லாட்டி வாற கிழமை கனடாவுக்குப் போறன். தன்னோடயே வந்து இருக்கச் சொல்லி மகள் ஒரே கரைச்சல்."

போனால் திரும்பி வருகிற வயதில்லை. மனைவி செத்து ஒன்பது வருடம். இங்கே அவருக்கென்று யார் இருக்கிறார்கள்?

பிறகு தொலைபேசியில் பேத்தியைக் காட்டினார். முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை. அம்மப்பா எப்ப வருவீங்கள் என்று கேட்டது. அவர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கண்ணீர்தான் அவளைக் கெடுத்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிக் கை எழும்பும்? இருங்கோ என்று சொல்ல ஆசை. கொஞ்சநஞ்ச ஆசையல்ல, உயிரைப் பிடுங்குகிற ஆசை.

"இரண்டாந்தரம் கேக்கிறன். வழிமொழியிறது ஆர்?"

பெயரை முன்மொழிந்த வவுனியாத் தோழர் கால் மாற்றி நின்றார். பக்கத்திலிருந்த சின்னத்தங்கம் அவள் முழங்கையை இடித்தாள்.

"என்னடியப்பா, நித்திரையே?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அந்தக் கை தோள்வரை போய்விட்டது. இன்னும் ஒரு சாண் போனால் அவர் இங்கேதான். அதை இழுத்து மடியில் வைத்து மற்றக் கையால் அமுக்கிக்கொண்டாள்.

போகட்டும். அந்தப் பிள்ளையோடு இருக்கட்டும்.

முன்வரிசையில் இருந்த அவர் கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்கிற பார்வை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாந்தரமும் கேட்டாயிற்று. ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் அவளுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

"பெயர் விழுந்து போச்சு," என்றார் தலைவர், தன் வாயைத் தானே நம்பாதவராக. விழுந்த பெயரை அந்த மாநாட்டில் திரும்ப எடுக்க முடியாது. "வேறை ஆரும்?"

குலவீரசிங்கம் எழுந்தார். எழும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"தோழர் மங்களேஸ்வரி."

அது அவளுடைய பெயர்.

கடவுளே, இதென்ன கூத்து!

ஒருவரை முன்மொழிகிறவர் அவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று சொல்ல வேண்டும். கட்சி வழக்கம். கனகாலம் என்றுவிட்டு முடிப்பார்கள் எல்லாரும்.

"முப்பத்திரண்டு வருசமும் நாலு மாசமும்," என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தினார். "பதினொரு நாளும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. வழிமொழியக் கைகள் சடசடவென்று எழுந்தன. இதற்கு மட்டும் நான் முந்தி, நீ முந்தி.

அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அவளும் இத்தனை காலம் எண்ணிக்கொண்டுதான் வந்தாள், கட்சிக் காரியாலயத்தில் அவரிடம் அங்கத்துவப் படிவம் கேட்ட நாளிலிருந்து. முப்பத்திரண்டு வருடம், நாலு மாதம். அவர் சொன்னதில் பதினொரு நாள் கூடுதல்.

அவள் பேச வருவதற்குப் பதினொரு நாள் முன்னரே எங்கோ நின்று அவளைப் பார்த்திருக்கிறார். பார்த்த நாளை மறக்காமல் வைத்திருக்கிறார். சொல்லாமலே.

சற்றுமுன் அவர் பார்த்தது நன்றியோடு அல்ல.

"தோழர், உங்களுக்குச் சம்மதமோ?" என்று தலைவர் கேட்டார்.

சம்மதம் கிடைக்கும்வரை முன்மொழிந்தவர் நிற்க வேண்டும். அவர் நின்றார், அவளைப் பார்த்தபடி.

தலைவர் இன்னொரு தரம் கேட்டார். சின்னத்தங்கம் மறுபடி இடித்தாள். மண்டபம் முழுவதும் காத்திருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் உட்கார்ந்துவிடுவார்.