இடைவேளையில் நின்றுபோன ரீவி

"வயித்தாலை போகுது அக்கா. கட்டிலை விட்டு எழும்பவே ஏலாமக் கிடக்கு."

ரதீசன் இதைச் சொன்னது கட்டிலில் கிடந்து அல்ல. லண்டனில், வெம்ப்ளி உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போகிற ரயிலில், கழுத்தில் தன் அணியின் சிவப்புச் சால்வையோடு நின்றுகொண்டு சொன்னான்.

"பின்னால என்ன சத்தம்?" என்றாள் இம்மாகுலேற்.

"ரீவி அக்கா."

"ம்... சரி, படு." போனை வைத்துவிட்டாள்.

இம்மாகுலேற், ஹரோவில் அவன் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சூப்பர்வைசர். அவனைப் போலவே யாழ்ப்பாணத்து மனுசிதான். அதற்காக ஒரு சலுகையும் கிடையாது. ஐந்து நிமிடம் பிந்தினாலும் வாசலில் வைத்தே கிழிப்பாள். அவளிடம் லீவு கேட்டிருக்கலாம். வாய் இருக்கிறதுதானே! ஆனால் பயம்.

அதைவிடப் பெரிய பயம் ஏரியா மனேச்சர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். சுகமில்லை என்று பொய் சொன்ன ஒருத்தனைப் போன மாதம்தான் வேலையை விட்டுத் தூக்கினார். வேலையோடு விசாவும் போய், அவன் இப்போது ஊரில். ரதீசனின் விசாவும் அதே இல்லத்தின் பெயரில்தான் இருக்கிறது.

எல்லாம் தெரிந்துதான் போனான். இருபது வருசமாக அவன் விசர் பிடித்துப் பார்க்கிற அணி முதல்தரம் கோப்பை இறுதிக்கு வந்திருக்கிறது. தொண்ணூறாயிரம் சனத்துக்குள் தன்னை யார் தேடப்போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

இடைவேளை வந்தது. பாட்டும் புகையுமாக நூறு நடனக்காரர் மைதானத்தில் இறங்கினார்கள். ஆடி ஆடிச் சிலர் படியேறிச் சனத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி ஓரத்தில் இருந்த ரதீசனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நோ, நோ!"

யார் விட்டார்கள்? பக்கத்தில் இருந்தவர்கள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் தலையிலும் ஒரு மஞ்சள் தொப்பி ஏறியது. சரி, ஆடித் தொலைப்போம் என்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிமிர்ந்து பெரிய திரையைப் பார்த்தான்.

அட கோதாரி! வீடளவு பெரிசாக அவனுடைய முகம்.

அப்போதுதான் இல்லத்து ஹோலில் இருக்கிற ரீவி நினைவுக்கு வந்தது. அங்குள்ள முதியவர்கள் இருபத்திரண்டு பேரும் இப்போது அதற்கு முன்னால்தான் இருப்பார்கள். இம்மாகுலேற்றும் இருப்பாள். முக்கியமாக ஏஞ்சலா இருப்பாள்.

ஏஞ்சலாவுக்கு எண்பது வயது. அவளுக்கு மேட்ச் தேவையில்லை, இடைவேளை மட்டும் போதும். பட்டாளத்துப் பாண்டு வாத்தியமும் பொலிஸ் நாய்கள் வளையத்துக்குள்ளால் பாய்வதும்தான் இடைவேளை என்றிருந்த காலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ரிப்பன் பிடித்து அவளும் ஒருமுறை ஆடியிருக்கிறாள். இந்தக் காலத்தில் என்ன ஆடுகிறார்கள் பார்ப்போம் என்று இரண்டு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள்.

ரதீசன் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு உண்மையாகவே கழிப்பறைக்கு ஓடினான்.

இரண்டாம் பாதியில் யார் கோல் போட்டது என்றுகூட அவனுக்குத் தெரியாது. போனை நிறுத்தியே வைத்திருந்தான். கண்ணை மூடினால் விமானநிலையம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை இல்லத்தின் கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஹோலில் ஏஞ்சலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நேற்று... மேட்ச் பார்த்தீர்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"எங்கே பார்த்தேன்! இடைவேளை தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை. இம்மாகுலேற் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். மாத்திரை நேரமாம்! எல்லோரும் கத்தினோம். நான் அழுதேவிட்டேன். அசையவில்லையே அவள்! பிறகு மாட்டிப் பார்த்தால் ரீவி வேலை செய்யவில்லை."

ரதீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருவரும் பார்க்கவில்லை! ஒருவருமே பார்க்கவில்லை!

உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"அவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது, ஏஞ்சலா. வயதானவர்களை அழவைத்துப் பார்க்கிற பிறவி" என்று கிழவியின் கையைத் தடவிக் கொடுத்தான்.

"தம்பி."

பின்னால் இம்மாகுலேற் நின்றாள். நேற்று அவனுடைய ஷிப்டையும் சேர்த்துச் செய்த முகம். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"வயிறு எப்பிடி?"

"இப்ப... பரவாயில்லை அக்கா."

"லீவு வேணுமெண்டால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நான் என்ன, கடிச்சே திண்டிருப்பன்?"

அவள் யூனிபோர்ம் பொக்கற்றுக்குள் கையை விட்டு, பிளக்குக்குள் போடுகிற சின்னப் பியூஸ் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைப் போட்டால் ரீவி வேலை செய்யும். ஏஞ்சலாவுக்கு அந்த இடைவேளையைத் தேடி எடுத்துக் காட்டு. பாவம், நேற்றையில இருந்து மனுசி என்னோட கதைக்கேல்லை."

"பியூஸைக் கழட்டினதும் நீங்களே? ஏன் அக்கா?"

இம்மாகுலேற் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற என்ன செய்யிறது? மஞ்சள் தொப்பியோட நீ ரீவியில வரேக்க, ஏரியா மனேச்சர் பக்கத்துக் கதிரையில இருந்து என்ர முகத்தைப் பாத்து, 'ரதீசன் ஏன் வேலைக்கு வரேல்லை, என்ன வருத்தம்?' எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்."