பூட்டுவமோ, விடுவமோ?

“ஐயா, பூட்டுறதெண்டால் பூட்டுவம். விடுறதெண்டால் விடுவம். இரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ!”

அச்சுவேலியில் கராச் வைத்திருக்கும் லியோன், கையிலிருந்த ஸ்பானரைத் தொப்பென்று மேசையில் போட்டான்.

டொக்டர் கனகசபாபதி அசையவில்லை. முன்னால் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோவிக்காதையும் லியோன். ஸ்பேசர் பூட்டினால் கார் வளைவிலை பிடிப்பாய் நிக்கும் எண்டு நீர்தானே சொன்னனீர்?”

“ஓம், சொன்னனான். சில்லுக்கு உள்பக்கமாய் முக்கால் அங்குல இரும்பு வளையம் வைச்சால் சில்லு வெளியாலை தள்ளி நிக்கும். அகலமாய் நிக்கிற கார் லேசிலை சரியாது.”

“ஆனால் பெயரிங் தேயுமே?”

“தேயும். அப்ப விடுங்கோ.”

“விட்டால் பார்க்க ஒடுக்கமாய்க் கிடக்கே?”

“அப்ப பூட்டுங்கோ!”

“திருப்பேக்கை டயர் மட்காட்டிலை உரசாதோ?”

லியோன் தலையில் கை வைத்தபடி குந்திவிட்டான்.

இரண்டு மாதமாய் இதே கதைதான். பின்னேரம் சரியாய் ஐந்து மணிக்கு, லியோன் கராச்சைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும் நேரம் பார்த்து அந்தக் கார் வந்து நிற்கும். ஜக் வைத்துத் தூக்கு, சில்லைக் கழற்று, அள, திரும்பப் பூட்டு. எல்லாம் முடிய, “எதுக்கும் யோசிச்சு நாளைக்கு வாறன்” என்று டொக்டர் போவார். கூலியில் ஒரு குறையும் வைப்பதில்லைதான். ஆனால் மனிதனுக்குப் பொறுமை என்று ஒன்று இருக்கிறதே!

அடுத்த நாள் லியோன் ஒரு முடிவுக்கு வந்தான். கடைசல் பட்டறைப் பஞ்சலிங்கத்திடம் போய் நாலு வளையம் கடைவித்தான். அதற்கு ஏற்ற நீட்டுப் போல்ட்டுகளும் தேடி எடுத்தான். ஐந்து மணிக்கு டொக்டர் வாயைத் திறக்க முதலே கதிரையைக் காட்டினான்.

“இருங்கோ ஐயா. ஒண்டும் கதையாதேங்கோ.”

ஆறரைக்குள் நாலு சில்லிலும் ஸ்பேசர் ஏறிவிட்டது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முறுக்கிக் காட்டினான்.

“பாருங்கோ, உரசேல்லை. முடிஞ்சுது அலுவல்!”

டொக்டரின் முகம் கறுத்துவிட்டது. காரை மூன்று தரம் சுற்றி வந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

“லியோன்... கழட்டுவமோ?”

லியோன் பல்லைக் கடித்துக்கொண்டு நாலையும் கழற்றினான். கடைசி நட்டை இறுக்கிவிட்டு எழும்பியவன் வெடித்தே விட்டான்.

“ஐயா, உங்களுக்கு மூளை பிசகிப் போச்சு! உந்தக் காரோடை இனி என்ரை வாசலுக்கு வராதேங்கோ!”

“சரி, யோசிச்சு நாளைக்கு வாறன்” என்று சொல்லிவிட்டு டொக்டர் காரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் லியோனின் கொதிப்பு அடங்கவில்லை. மனைவி லூர்த்தம்மா சாப்பாட்டுக் கோப்பையில் புட்டைப் போட்டாள்.

“உந்த மனிசனாலை என்ரை பின்னேரம் எல்லாம் நாசம். கூட்டாளிமாரோடை இருந்து ஒரு போத்தல் கள்ளுக் குடிச்சு இரண்டு மாதம்! நான் போய்ச் சேர முன்னம் கள்ளுத் தவறணையைப் பூட்டிப் போடுறாங்கள். இண்டைக்கு நல்லாய்க் குடுத்துப்போட்டு வந்தனான்.”

“அவரையோ பேசினனீங்கள்?”

“பேசாமல்? விசர் மனிசன்!”

லூர்த்தம்மாவின் கை அப்படியே நின்றது.

“இஞ்சாருங்கோ, ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியிலை கிடந்தனீங்கள். இனி ஒரு சொட்டும் கூடாது எண்டு அவர் சொன்னதைக் கேட்டனீங்களோ? வீட்டை வந்த மூண்டாம் நாளே தவறணைக்குப் போனனீங்கள். நான் அவரிட்டைப் போய் அழுதன். ‘தங்கச்சி, அஞ்சு மணியிலை இருந்து தவறணை பூட்டுமட்டும் நான் பார்த்துக்கொள்ளுறன்’ எண்டார்.”

லியோன் வாயில் வைத்த புட்டை விழுங்க மறந்தான்.

“எண்டாலும்... அதுக்காகத் தன்ரை காரை இப்பிடிப் போட்டுக் கழட்டிப் பூட்டுவாரோ?”

“அவரின்ரை காரோ? அதை வித்து ஒரு மாதமாகுது. வாங்கின புத்தூர் முதலாளியிட்டை நாளாந்தம் போய் நிண்டு இரவல் கேட்டெல்லோ உங்களிட்டைக் கொண்டு வாறார்!”