மூடுபனிக்கு யார் பொறுப்பு?

"இது ஏரிமேல மூடுபனியா, துவைக்காத போர்வையா?"

தேர்வாளர் படத்தைக் காட்டி ஓவிய மாணவியிடம் கேட்டார். இந்த எண்ணெய் வண்ணப் படம் தேறினால்தான் அவள் அடுத்த வகுப்புக்குப் போக முடியும்.

ஓவிய வாத்தியார் முந்திக்கொண்டார். "தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். தூரத்து மரத்துக்குக் கறுப்பு வைக்காதே, நீலத்தைக் கரைச்சு லேசாத் தொட்டு வைன்னு. கேட்டாத்தானே? கை வராத ஜென்மம்."

"ஏம்மா, இதுல ஒண்ணுகூட உருப்படியா வரலையா உனக்கு?" என்றார் தேர்வாளர்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"கீழ இருக்கிற கையெழுத்து மட்டும்தான் சார் நான் போட்டது. வகுப்புக்கு வகுப்பு, 'தள்ளும்மா, நான் காட்டுறேன்'னு பிரஷ்ஷைப் பிடுங்கி, மிச்சமெல்லாம் இவரே வரைஞ்சுட்டார்."

தேர்வாளர் குனிந்து பார்த்தார்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. நீ புதுசா ஒண்ணு வரைஞ்சு கொண்டா. இப்போ தேறாதது நீ இல்லையே."

வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.