வெளியே போய்விட்ட லாரி

கிடங்கு வாசலில், இறக்கிவிட்ட தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. கம்பத்தின் நிழல் ஓட்டுநரின் முகத்தைக் குறுக்கே வெட்டுகிறது. சரக்கு எங்கே போகிறது என்று காட்டும் இந்த லாரியின் கருவியை யாரோ அவசரத்தில் பக்கத்து லாரியில் மாட்டிவிட்டார்கள். அந்த லாரி கிளம்பிப் போயே போய்விட்டது. காவலாளியின் திரையில் இவனுடைய பச்சைப் புள்ளி நெடுஞ்சாலையில் ஜம்மென்று ஓடுகிறது. “நீங்க வெளியே போயி ரொம்ப நேரமாச்சுண்ணே. உள்ளே இருக்கிற வண்டிக்குத்தான் கம்பம் தூக்கும்.” “அப்போ இங்கே உக்காந்திருக்கிறது என் ஆவியா?” “ஆவின்னாலும் கேட் பாஸ் வேணும்ணே.” “பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்துருச்சுப்பா. இறங்கி நடந்தே போறேன், விடு.” “லாரியில போனவரு நடந்து எப்படிண்ணே போவீங்க?” காவலாளி நிஜமாகவே குழம்பிப்போய்த் தலையைச் சொறிகிறான்.

ஓட்டுநரின் மடியில் கைபேசி அதிர்கிறது. பயப்படாமல் இருக்கட்டும் என்று, புள்ளி நகரும் அந்த வரைபடத்தை மனைவிக்கும் அனுப்பிவைத்தது இவன்தான். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறாள். “பாலத்தைத் தாண்டிட்டீங்க போல. நான் பையோட ரோட்டோரம் வந்து நிக்கிறேன்.” இவன் வாய் திறப்பதற்குள் ஒரு லாரியின் இரைச்சல் அவள் பக்கம் எழுந்து, பெருகி, தேய்கிறது. “ஏங்க... என்னைப் பாத்தும் நிக்காமப் போறீங்களே!”