வாசிக்காத தனி

நாகசுந்தரத்தின் மிருதங்கத்தைப் பதினேழு வருஷமாகப் பத்திரிகையில் கிழித்துவந்த விமர்சகர் அனந்தராமன், தனி ஆவர்த்தனத்துக்காகப் பாட்டு நின்றதுமே எழுந்து சபா கேன்டீனுக்குப் போய்விடுவார். அன்றும் போனார். அவர் முதுகு கதவைத் தாண்டும்வரை பார்த்திருந்த நாகசுந்தரம், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன மாமா, தனி வாசிக்கலையா?” என்று பாடகி பதறினாள்.

“இன்னிக்கு வேண்டாம்மா. நீ அடுத்த பாட்டுக்குப் போ.”

மறுநாள் விமர்சனம் வந்தது: ‘நாகசுந்தரத்தின் தனி, வழக்கம்போல் காதைப் பிளக்கும் இரைச்சல்.’

அதை நாகசுந்தரம் மூன்று முறை ருசித்துப் படித்தார். நிதானமாகக் கத்தரித்துக்கொண்டு போய், கேன்டீன் சுவரில் பலகாரப் பட்டியலுக்குக் கீழே ஒட்டினார். பிறகு அனந்தராமன் வழக்கமாக உட்காரும் மேஜைக்கு எதிரே, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். நேற்று வாசிக்காத தனியை அவர் விரல்கள் மேஜைமேல் மெல்லத் தொடங்கின.