ஊசி அறையில் ஒரு சோதனை

"அந்த ஃபிரிட்ஜைத் திறங்க" என்றார் வந்தவர்.

நர்ஸ் முனிலட்சுமி ஓடிப்போய்த் திறந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகி, அதற்குக் காவலாக இரண்டு பேனா வைத்திருந்தார் மனிதர். சிரிப்பு என்ன விலை என்று கேட்கும் முகம்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்தச் சின்ன கிளினிக்கில் ஒரு வாரமாக யாருக்கும் சரியான தூக்கமில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து சுகாதாரத் துறை ஆள் சோதனைக்கு வருகிறார், சொல்லிக்கொண்டு வரமாட்டார் என்று தகவல். பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஏற்கெனவே பூட்டுப் போட்டாகிவிட்டது.

இங்கேயும் பூட்டினால் டாக்டர் ரேவதி வேறு ஊரில் கடை விரித்துக்கொள்வார். முனிலட்சுமிதான் மறுபடி கம்பெனி வேன் ஏறி, நர்சிங் படிப்பதற்கு முன்னால் பார்த்த நட்டு முடுக்கும் வேலைக்கே போகவேண்டும்.

"என்ன டெம்பரேச்சர்ல ஓடுது?"

"நாலு டிகிரி சார்."

"யார் பாத்தது?"

"நான்தான் சார். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி பாக்கறேன்."

அவர் நம்பவில்லை. உள்ளே இருந்த தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலாவதித் தேதி படித்தார். ஒரு குறையும் சிக்கவில்லை. மனிதரின் முகம் இன்னும் வாடிப்போனது.

உள்ளே இருந்த நோயாளியை அனுப்பிவிட்டு டாக்டர் ரேவதி ஓடி வந்தார். கையில் ஒரு தடித்த ஃபைல்.

"சார், கிளினிக் ரிஜிஸ்ட்ரேஷன், மருத்துவக் கழிவு எடுக்கறவங்க பேப்பர் எல்லாம் இதுல இருக்கு."

"அது கெடக்கட்டும் மேடம். ஊசி யார் போடுவாங்க?"

"முனிலட்சுமிதான் சார்."

அவர் முனிலட்சுமியை ஏற இறங்கப் பார்த்தார். "ஊசி போட்டா வலிக்குதுன்னு யாராச்சும் கம்ப்ளெயின்ட் சொல்லிக்கிறாங்களா?"

"கொழந்தைங்க அழும் சார். பெரியவங்க யாரும் சொன்னதில்ல."

வெளியே ஒரு தெருநாய் குரைத்தது. அவர் சட்டென்று முனிலட்சுமிக்குப் பின்னால் நகர்ந்தார். "மொதல்ல கதவைச் சாத்துங்க. இதெல்லாம் உள்ள வரலாமா?"

"சுத்தத்துல எவ்ளோ கண்டிப்பு பாரு" என்று டாக்டர் முனிலட்சுமியின் காதில் கிசுகிசுத்தார்.

டாக்டர் கண்ணைக் காட்ட, எதிர்க் கடையிலிருந்து இளநீர் வந்தது. "வேணாங்க, வயித்தப் பெரட்டுது" என்று அவர் மறுத்துவிட்டார். சீவிய காயை என்ன செய்வது? ஊசி அறை வாசல் பெஞ்சில் வெகுநேரமாகக் காத்திருந்த காட்டன் புடவை அம்மாவிடம் அதை நீட்டினாள் முனிலட்சுமி.

"நீங்க குடிங்கம்மா. அப்பவே வந்து உக்காந்துக்கிறீங்க. ஒடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அவரு கேக்கட்டும், எனக்கு அவசரமில்ல." அந்த அம்மா காயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சோதனை தொடர்ந்தது. சிரிஞ்சு கவர் ஒன்றைக் கிழியாமல் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். ஊசி முனையை வெட்டும் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். 'கடக்' என்ற சத்தத்துக்கு அவரே துள்ளினார். முனிலட்சுமியைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, "விரல் இடுக்கெல்லாம் இன்னொருவாட்டி" என்றார். அதற்குப் பிறகும் இன்னொருவாட்டி என்றார்.

கடைசியில் கேள்வி தீர்ந்துபோயிற்று.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றார், துக்கச் செய்தி சொல்லும் குரலில். "அப்ப நான் கெளம்பறேன்."

முனிலட்சுமிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. டாக்டர் இரண்டு கையையும் கூப்பினார்.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. "ரீ!" என்று கன்னடத்தில் புருஷனைக் கூப்பிட்டபடி ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"நாய்க்கடி ஊசி போட்டுக்குங்கன்னு எறக்கி விட்டுட்டு நான் மார்க்கெட்டே போயிட்டு வந்துட்டேன். இன்னுமா போட்டுக்கல?"

டாக்டர் கூப்பிய கையை மெல்ல இறக்கினார்.

"கம்பெனில இவரு குவாலிட்டி செக்கிங்குங்க" என்றாள் மனைவி. "ஊசின்னா உசிரே போயிரும். எங்க கூட்டினு போனாலும் ஏதாச்சும் ஒரு கொறையக் கண்டுபிடிச்சுட்டு ஓடி வந்துருவாரு. போனவாட்டி ஒரு டாக்டர்கிட்ட, டேபிள் ஆடுதுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பேண்ட்டின் பின்பக்கம், கெண்டைக்கால் அருகே கிழிந்திருந்தது.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நெஜமான ஆளு இனிமேதான் வரணுமா?"

முனிலட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் கடித்த இடத்தை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். "உக்காருங்க சார். எல்லாம் நீங்களே பாத்து ஓகே பண்ணதுதான்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பங்க போடுவீங்க?" என்றார்.

"போட்டு முடிச்சாச்சு சார்."

பெஞ்சிலிருந்த அம்மா, தொடாத இளநீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கைப்பையிலிருந்து அரசு முத்திரை போட்ட அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் சார் கேட்டுட்டாரு. அந்த ஃபைல மட்டும் குடுங்க டாக்டர்."